பதினாலு தடவை தாண்டுன ஆளு

ஏனுங்க, அந்தக் கொழாய்க்குள்ள என்னங்க வெச்சிருக்கீங்க? நீளமா, மூடியெல்லாம் போட்டு? இல்ல, சும்மாத்தான் கேட்டேன். பக்கத்துல உக்காந்து வர்றோம், ஒரு பேச்சுத்துணைக்கு. காலண்டருங்களா? மோட்டார் பம்பு கம்பெனிக் காலண்டரு? செரி. சித்த அந்த மூடியத் தொறந்து காட்டுங்க, ஒருக்காப் பாத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க. ஆமா, காலண்டருதான். முருகர் படம். நல்லாத்தான் இருக்குது. மூடிக்கோங்க.

எதுக்குக் கேட்டேன்னா, இந்த மாதிரிக் கொழாயத் தூக்கிட்டு ஒருத்தரு எங்கூருக்குள்ள வந்தாருன்னா அதுக்குள்ள மேப்பு இருக்கும். மேப்பு வந்துச்சுன்னா பொறகால கல்லு வரும். கல்லுக்குப் பொறகால பொக்லீன் வரும். நான் யாரையும் சந்தேகப்படற ஆளு இல்லீங்க. ஆனாக் கண்ணுல பட்டதைக் கேட்டு வெச்சுக்கறது நல்லதில்லீங்களா?

எம்பேரு சென்னியப்பன். ஊஞ்சமரப் பிரிவுல ஏறுனேன். பிரிவுல ஒரு பழைய மேம்பாலம் நிக்குதே, பாத்தீங்களா? அதை இடிச்சுப் போட்டு புதுசாக் கட்டப் போறாங்க. வெறும் பாலம் இல்லீங்க, இன்டர்சேஞ்சாமா. நாலாப்பக்கமும் வளையம் வளையமா ரோடு எறங்குமாமா. மேப்புல பாத்தா முறுக்குப் புழிஞ்ச மாதிரி இருக்குது. தை மாசம் பூசை போட்டு வேலைய ஆரம்பிக்கறாங்க. எங்க ரோட்டுல மட்டும் இதே மாதிரி இன்னும் மூணு எடத்துல வருதாமா. எல்லாப் பக்கமும் எவனோ ஒருத்தன் குடை புடிச்சு உக்காந்து வண்டியையும் ஆளையும் எண்ணிட்டு இருப்பான், பாத்துக்கோங்க.

நான் ஆனைமலைக்குப் போறேனுங்க, மாசாணியம்மங்கோயலுக்கு. பொள்ளாச்சியில எறங்கி வண்டி மாறோணும். இந்த மஞ்சப்பைக்குள்ள என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க? வரமொளகா. அரைக் கிலோ. அங்க ஒரு கல்லு கெடக்குது, தெரியுமில்லீங்களா? நமக்குத் துரோகம் பண்ணுனவனை நெனச்சு அந்தக் கல்லுல மொளகாய அரைச்சு அம்மனுக்குப் பூசிட்டு வந்துட்டா, மூணு மாசத்துக்குள்ள அவனுக்கு எரிய ஆரம்பிச்சுரும். ஒரு கைப்புடி போதும்னுதான் சொன்னாங்க. நான் அரைக் கிலோவாக் கொண்டு போறேன்.

யாருக்கா? அதுதானுங்க தெரியல. ஆளு யாருன்னு தெரியல. பதினாலு தடவை ரோட்டைத் தாண்டுன ஆளு. அவ்வளவுதான் தெரியும்.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கூரு ரோட்டுக்குக் கெழக்கால. தோட்டங்காடு, பள்ளிக்கூடம், இன்னொரு இருவது முப்பது ஊடு எல்லாம் ரோட்டுக்கு மேக்கால, அக்கட்ட. நடுவால நாலு வழிச்சாலை. அந்த ரோட்டுக்கு நடுவுல கட்டியிருக்கற சுவத்துல ஒரு சந்து விட்டிருக்கறாங்க. எங்கூட்டுக்கு நேரெதிரு. ஊரு சனம் பூராவும் அதுலதான் அக்கட்டயும் இக்கட்டயும் போறது வர்றது. ஆடு மாடு, பால் கேனு, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, எல்லாம். ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்குக் கொறையாது.

எம்புள்ள சுகந்தமணியும் அக்கட்டதான் இருக்கறா. ஒரே புள்ளைங்க எனக்கு. நல்ல நல்ல எடமெல்லாம் வந்துச்சு, காங்கேயத்துல இருந்து, ஈரோட்டுல இருந்து. நான் எதுக்கும் ஒத்துக்கல. அக்கட்டால தண்டபாணிக்குக் குடுத்தேன். இக்கட்ட நின்னு கூப்புட்டா அக்கட்டக் கேக்கோணும், அவ்வளவுதான் என்ற கணக்கு. ஊட்டுக்காரி போயி நாலு வருசம் ஆச்சு. அன்னையில இருந்து மத்தியானச் சோறு புள்ளதான் கொண்டாந்து குடுக்கறா. நீங்களே போயி அங்க சாப்பிட்டுக்கலாமேன்னு கேப்பீங்க. அது எப்புடீங்க? பொண்ணு குடுத்த ஊட்டுல தெனமும் போயிக் கையை நனைக்கலாமா? நோம்பி நொடின்னா ஒரு வாய் காப்பி குடிப்பேன், எந்திரிச்சு வந்துருவேன். அதனால அவதான் கேரியரைத் தூக்கிட்டு அந்தச் சந்துல தாண்டி வருவா. பன்னண்டரைக்கு வந்தான்னா ஒரு மணிக்குள்ள திரும்பிருவா.

இப்பப் பாருங்க, புது மேப்புல அந்தச் சந்து இல்ல. ரெண்டு பக்கமும் பதினஞ்சடிச் சுவரு. அடியில வழி உண்டான்னா அதுவும் இல்ல. வண்டியில போறதுன்னா டோல்கேட்டு வரைக்கும் போயிச் சுத்தி வரோணும், போக ஏழு கிலோமீட்டரு, வர ஏழு. நடக்கறதுக்கு ஒரே ஒரு நடைமேம்பாலம். அம்பத்தெட்டுப் படி ஏறி, அம்பத்தெட்டுப் படி எறங்கோணும். என்ற முட்டி பத்துப்படி தாங்காது. ஆடு மாடு எப்பிடி ஏறும்? எம்புள்ள என்ற கூப்புடு தூரத்துல இருக்கறா, இனி நான் கூப்புட்டாச் சுவத்துல பட்டுத் திரும்பி வரும். இதுக்குத்தான் நான் எரியறேன்.

இது எப்பிடி ஆச்சு? அதைக் கேளுங்க.

பதினஞ்சு வருசத்துக்கு முன்னால மொதல்ல அந்த நாலு வழி ரோடு போட வந்தாங்க பாருங்க, அப்ப ஒருத்தன் என்ற தோப்புக்குள்ள வந்தான். நல்லாச் சிரிச்சுட்டே வந்தான். கையில பெயிண்டு டப்பா. தென்னை மரத்துல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பரு எழுதுனான். எதுக்குங்கன்னு கேட்டேன். சும்மா எண்ணி வெச்சுக்கறோம் பெரியவரேன்னான். அப்ப எனக்குப் பெரியவருங்கற வயசுகூட இல்ல. இருவத்தி மூணு வரைக்கும் எழுதிட்டு, எளநீ வெட்டிக் குடுத்தேன், குடிச்சுட்டுப் போனான். ஆறு மாசங்கழிச்சு வந்து அந்த இருவத்தி மூணையும் வெட்டிப் போட்டாங்க. எண்ணாத மரம் இன்னைக்கும் நிக்குதுங்க. நீங்க வந்தாக் காட்டறேன். அன்னைக்கு முடிவு பண்ணுனேன், எவனாச்சும் எண்ண வந்தான்னா அவன் எடுக்க வந்திருக்கறான்னு. நான் சொல்றது செரிதானுங்களே?

அப்பறம் போன வைகாசியில நாலு பேரு வந்து பாலத்தடியில குடை நட்டு உக்காந்தாங்க. பிளாஸ்டிக் சேரு, மடியில ஒரு அட்டை. வண்டி போகப் போகக் கோடு போடறாங்க. நாலு கோடு நேரா, அஞ்சாவது குறுக்கால. நான் பக்கத்துல ராக்கியண்ணன் டீக்கடையில உக்காந்து அரைமணி நேரம் பாத்தேன். லாரிக்கு ஒரு கோடு. காருக்கு ஒரு கோடு. செரி, போகட்டும். கடைக்கு முன்னால ஆடு ஓட்டிட்டு ஒருத்தன் குறுக்கால தாண்டுனான், அதுக்கும் ஒரு கோடு. எனக்கு ரத்தமெல்லாம் கொதிச்சுப் போச்சுங்க. எந்திரிச்சுப் போயி, ஏனுங்க தம்பி, ஆளையெல்லாம் எதுக்கு எண்ணறீங்கன்னு கேட்டேன். சும்மா எண்ணிக்கறோம்ங்க ஐயா, இன்னைக்கு ஒத்திகைதான், நாளையில இருந்து ஏழு நாள் எண்ணுவோம்னான். சும்மாவாமா. அதே சும்மா.

அன்னைக்குச் சாயங்காலமே மாரியம்மங்கோயல் முன்னால ஊரைக் கூட்டிட்டேன். சொன்னேன், இவன் நம்ம தலைய எண்ணறான், அதிகமாத் தலை இருந்தா அதிகமா எடம் எடுப்பான், ரோடு பெருசாகும், என்ற இருவத்தி மூணு மரத்தை ரோசனை பண்ணிப் பாருங்கன்னேன். ஏழு நாளைக்கு ஒரு ஈ காக்கா குறுக்கால தாண்டக் கூடாது. தோட்டத்துக்குப் போறவங்க டோல்கேட்டுப் பக்கமாச் சுத்திட்டுப் போங்க. ஆடு மாட்டைக் கட்டிப் போட்டுத் தீனி போடுங்க. பள்ளிக்கூடம் லீவு, அந்தப் பிரச்சனை இல்ல. எண்ண ஆளே இல்லைன்னா அவன் எதை எழுதுவான், எந்திரிச்சுப் போயிருவான்.

ராக்கியண்ணன் மட்டும், ஏப்பா சென்னியப்பா, அவங்ககிட்ட எதுக்குன்னு ஒரு வார்த்தை ஒழுங்காக் கேட்டுப் பாத்தரலாமேன்னான். அவனுக்கென்ன, நாலு பேரும் அவங்கடையிலதான டீ குடிக்கறாங்க. வேற யாரும் எதுத்துப் பேசல. எங்கூரு சரித்திரத்துலயே ஒரு ஆளு சொல்லை ஊரே கேட்டது அன்னைக்குத்தானுங்க. அதை நெனச்சா இன்னைக்கும் பெருமையாத்தான் இருக்குது.

ஏழு நாளும் நான் காவல். காலையில ஏழு மணிக்குப் போயி ராக்கியண்ணன் கடையில உக்காந்தா மத்தியானம் ஒண்ணேகால் வரைக்கும் அந்த நாலு பேரு மேல வெச்ச கண்ணை எடுக்க மாட்டேன். அங்கிருந்து சந்து தெரியாது, பாலத்துத் தூணு மறைக்கும். ஆனாச் சந்துக்குக் காவல் எதுக்குங்க? அது எங்கூட்டுக்கு எதிர்ல இருக்குது. எங்கூட்டு வாசல்ல வந்து எவன் தாண்டுவான்?

சோறுங்களா? அது வந்துருச்சுங்க. புள்ளகிட்ட மொத நாளே சொல்லிட்டேன், அம்மணி, ஏழு நாளைக்கு நீ இக்கட்ட வரக் கூடாது, நான் எதையாச்சும் பொங்கித் தின்னுக்கறேன்னு. செரிங்கப்பான்னுட்டா. ஆனா ஒண்ணேகாலுக்கு ஊட்டுக்கு வந்தாக் கேரியரு பந்தக்கால்ல தொங்குது. அரிசிம்பருப்புச் சாதம், ரசம். போன் பண்ணி, ஏன் அம்மணி, சோறு சுத்தித்தான வந்துச்சுன்னேன். வந்துச்சில்லீங்கப்பா, சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்கன்னா. மாப்ள வண்டியில டோல்கேட்டுச் சுத்திக் கொண்டாந்து மாட்டிட்டுப் போயிருப்பாரு. ஏழு நாளும் தவறாம வந்துச்சு. அந்த விசயத்துல மாப்ளையக் கொறை சொல்ல முடியாதுங்க.

ஏழாம் நாள் குடைய மடக்கிட்டுப் போனாங்க. நான் ஊருக்கே லட்டு குடுத்தேன்.

அப்பறம் போன கார்த்திகையில சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டாங்க. கருத்துக் கேக்கறாங்களாமா. ஒரு அம்மா வந்திருந்தாங்க, பெரிய எஞ்சினியரு. கண்ணாடி, காட்டன் சேலை. நல்ல மொகந்தான், ஆனா நல்ல மொகத்தை நான் நம்பறதில்ல. சுவத்துல படம் காட்டுனாங்க. சந்து எங்கன்னு தேடுனோம், காணோம். சனமெல்லாம் கத்த ஆரம்பிச்சுருச்சு. தெனமும் முந்நூறு பேரு தாண்டறோம், அடியில ஒரு வழி இல்லாம எப்பிடின்னு.

அந்தம்மா பொறுமையா ஒரு பேப்பரை எடுத்தாங்க. "முந்நூறு பேர்னு சொல்றீங்க. எங்க கணக்குல அப்படி இல்லைங்களே. ஏழு நாள் எண்ணியிருக்கோம். இந்த எடத்துல குறுக்கே நடந்தவங்க மொத்தமே பதினாலு. மாடு, ஆடு, சைக்கிள் எதுவும் இல்ல. ஏழு நாளைக்குப் பதினாலு நடைன்னா அதுக்குச் சுரங்கவழி கேட்டு நான் எழுத முடியாதுங்க" அப்பிடின்னாங்க.

சனம் ஒத்துக்குமா? பொய்க் கணக்கு, பொய்க் கணக்குன்னு சத்தம். அந்தம்மா கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி. "முந்நூறு பேரும் அந்த ஏழு நாள் எங்க போனீங்க?"

அத்தனை பேரும் திரும்பி என்னையப் பாத்தாங்க. ஒரு பொம்பளை, ஒரு ஆம்பளை மிச்சமில்லாம. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு.

நான் சும்மா இருக்கலாமா? எந்திரிச்சேன். எல்லாரும் அந்தக் கேள்வியப் புடிச்சுட்டுத் தொங்கறாங்க, யாரும் அந்தப் பதினாலைக் கேக்கல. நான் கேட்டேன். யாரும் தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தனே, எவன் அந்தப் பதினாலு? பூஜ்ஜியமா இருந்திருந்தா இங்க ஒண்ணுமே இல்லைன்னு பாலத்தையே வேற பக்கம் தள்ளிட்டுப் போயிருப்பானே, எவன் குறுக்கால பூந்து காரியத்தைக் கெடுத்தவன்னு கேட்டேன்.

அந்தம்மாவுக்குச் சிரிப்பு. "ஐயா, பூஜ்ஜியமா இருந்திருந்தா உங்களுக்கு அந்த நடைமேம்பாலமும் கெடையாது. சுவர் மட்டும்தான். அந்தப் பதினாலை வெச்சுத்தான் படிக்கட்டாவது எழுதியிருக்கோம்" அப்பிடின்னாங்க. பேச்சை மாத்தறாங்கன்னு எனக்குத் தெரியாதா? விடாமக் கேட்டேன், எந்த நேரத்துல தாண்டுனாங்கன்னு எழுதியிருக்குதான்னு. எழுதியிருந்துச்சு. எங்கூட்டுக்கு எதிர்ல கரண்டு கம்பத்துல ஒரு பொட்டி மாட்டியிருந்தாங்க, நான் அதை மீட்டர் பொட்டின்னு நெனச்சேன், அது கேமராவாமா. மொகம் தெரியாது, தலைய மட்டும் எண்ணுமாமா. ஏழு நாளும் மத்தியானம் பன்னண்டரைக்கும் ஒரு மணிக்கும் உள்ள. ஊரே உச்சி வெயிலுக்குப் படுத்துக் கெடக்கற நேரம். நானோ டீக்கடையில காவல். பாத்தீங்களா, எவ்வளவு திட்டம் போட்டுத் தாண்டியிருக்கறான்?

எம்புள்ளயும் அந்தக் கூட்டத்துல பின்னால நின்னுட்டு இருந்தா. அப்பன் இப்பிடி எல்லாரு முன்னாலயும் கத்தறானேன்னு அவளுக்கு அவமானம், தலையக் குனிஞ்சுட்டா. திரும்பி வர்றப்ப, விடுங்கப்பா, யாரோ அவசரத்துக்குத் தாண்டியிருப்பாங்கன்னா. ஏழு நாளும் ஒருத்தனுக்கு அவசரம் வருமா அம்மணின்னேன். வருங்கப்பான்னா. அவளுக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது. அவங்கம்மா மாதிரி.

அன்னையில இருந்து ஊருக்குள்ள எங்கூட எவனும் மொகங்குடுத்துப் பேசறதில்ல. அந்த ஆளைக் கண்டுபுடிச்சாத்தான் என்ற பேரு தப்பிக்கும். ஒவ்வொருத்தனா எடுத்து வடிகட்டுனேன். ராக்கியண்ணன் மேலதான் மொதச் சந்தேகம். ஆனா அவன் கடையில என்ற கண்ணு முன்னால டீ ஆத்திட்டு இருந்தான். பால்காரன் அந்த வாரம் ஊருலயே இல்ல. மேக்காலத் தோட்டத்துக்காரங்க எல்லாரையும் சாமி மேல சத்தியம் பண்ணச் சொன்னேன், பண்ணுனாங்க.

நான் யாருக்கும் ஓரவஞ்சனை பண்ற ஆளு இல்லீங்க. சொந்த மாப்ளையவே விசாரிச்சுட்டேன். ஆனா அவரு தப்பிச்சாரு. எண்ண ஆரம்பிச்சதுக்கு மொத நாள்தான் வண்டியில இருந்து உழுந்து வலது கையை ஒடைச்சுட்டாரு, காவலு முடிஞ்சப்பறந்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. வண்டி ஒர்க்‌ஷாப்புல. மாவுக்கட்டோட மூணு வாரம் கட்டலை விட்டு எறங்கல, டாக்டர் சீட்டே இருக்குது. ஒரு அடி வெளிய வெக்கல மனுசன். அதனால மாப்ள இல்ல. அதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

கடைசியாத்தான் மாசாணிகிட்டப் போயிரலாம்னு முடிவு பண்ணுனேன். இன்னைக்குக் காலையில புள்ள வந்தா. அம்மணி, ஊட்டுல வரமொளகா இருந்தா அரைக் கிலோ கொண்டா, ஆனைமலைக்குப் போறேன்னு நேத்தே சொல்லியிருந்தேன். கொண்டாந்தா. காம்பெல்லாம் கிள்ளி, பொறுக்கி எடுத்து, பாருங்க, ஒண்ணுகூடச் சொத்தை இல்ல. பைய நீட்டிட்டுக் கேட்டா, "ஆளு யாருன்னு தெரியாம எப்பிடீங்கப்பா அரைப்பீங்க?" எனக்குத் தெரியாட்டி என்ன, அம்மனுக்குத் தெரியும் கண்ணுன்னேன்.

"தெரியுமில்லீங்கப்பா? அப்பச் செரி"ன்னா. அப்பறம் இந்தக் கேரியரைக் குடுத்தா. வழியில ஓட்டல்ல கண்டதைத் தின்னு வயித்தைக் கெடுத்துக்காதீங்கன்னா. என்னைய ஒருக்காப் பாத்துட்டுத் தாண்டிப் போயிட்டா.

என்னங்க? என்ன கேட்டீங்க?

சோறு யாரு கொண்டாந்ததா? சொன்னேனேங்க, மாப்ளதான். வண்டியில டோல்கேட்டுச் சுத்தி. நீங்க சொல்றதைக் காது குடுத்துக் கேக்கோணும், பாதியில தூங்கிட்டுக் கேள்வி கேட்டா எப்பிடி? வண்டியில ஏழு நாளும்...

இல்ல. வண்டி ஒர்க்‌ஷாப்புலங்க.

கையும் மாவுக்கட்டுல.

சித்த இருங்க. பேசாதீங்க. நான் ரோசனை பண்ணிக்கறேன். சோறு வந்துச்சு. ஏழு நாளும் வந்துச்சு. ரசம் சூடா இருந்துச்சு, மூடியத் தொறந்தா ஆவி வந்துச்சு. டோல்கேட்டுச் சுத்தி நடந்து வந்தா ரெண்டு மணி நேரம் ஆகும், ஆறிப் போயிருக்கோணும். போக ஒண்ணு, வர ஒண்ணு. ஒரு நாளைக்கு ரெண்டு. ஏழு நாளைக்கு...

வேண்டாமுங்க, நீங்க சொல்லாதீங்க. எனக்குக் கணக்குத் தெரியும்.

அட என்ற புள்ள. வைகாசி வெயிலுங்க. தாரு உருகிச் செருப்புல ஒட்டும். லாரிக்காரன் அந்தப் பாலத்து எறக்கத்துல பிரேக்கே போட மாட்டான். கையில கேரியரு. அப்பனை எதுத்துப் பேசவும் முடியல, அப்பனைப் பட்டினி போடவும் முடியல. ஒரு வார்த்தை பொய்யும் சொல்லல பாருங்க. வந்துச்சில்லீங்கப்பான்னா. சுத்தி வந்துச்சுன்னு அவ சொல்லலையே. நாந்தான சொன்னேன்.

அந்தச் சனத்துக்கு முன்னால எவன்டா அவன்னு கத்துனனே, அவ தலையக் குனிஞ்சு நின்னாளே. இன்னைக்குக் காலையில அவளுக்கு அரைக்கப் போறதுக்கு அவகிட்டயே மொளகா கேட்டனே. ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கிக் காம்பு கிள்ளிக் குடுத்தாளே. தண்ணி இருக்குதுங்களா? குடுங்க. புது பாட்டலுதான? சீலு ஒடைக்காததுதான? செரி, குடுங்க.

அந்தப் படிக்கட்டு இருக்குது பாருங்க, அம்பத்தெட்டுப் படி. அதுவும் அவ நடந்து வாங்குனதுதானுங்க. எஞ்சினியரம்மா அதைத்தான் சொல்லியிருக்கறாங்க, பேச்சை மாத்தல. ஊரையே ஊட்டுக்குள்ள உக்கார வெச்சுட்டு நான் டீக்கடையில உக்காந்திருந்தேன், அவ ஒருத்தி நடந்திருக்கறா. நான் மட்டும் வாயை மூடிட்டு இருந்திருந்தா முந்நூறுன்னு எழுதியிருப்பான். அடியில வழி வந்திருக்கும், மாடு கன்னு போயிருக்கும், எம்புள்ள கேரியரோட நெழலுல நடந்து வந்திருப்பா. இருவத்தி மூணு மரத்தை நெனச்சு நெனச்சு அவ வர்ற வழிய நானே அடைச்சுட்டேன்.

இது எந்த ஊருங்க? நெகமமா? கண்டக்டர் தம்பி, ஒரு ஆளு எறங்கறேன், நிறுத்துங்க. ஆமாப்பா, சீட்டு பொள்ளாச்சிக்குத்தான், இங்கயே எறங்கிக்கறேன்.

இல்லீங்க, மொளகாய உங்ககிட்ட விட்டுட்டுப் போக மாட்டேன். நீங்க நல்ல மனுசரா இருக்கலாம், எனக்கு எப்பிடித் தெரியும்? இது எம்புள்ள ஊட்டு மொளகா. அவகிட்டயே குடுத்தர்றேன், கொழம்புக்கு ஆகும். எதிர்ல ஒரு பல்லடம் வண்டி வரும். அதுல ஏறுனாப் பன்னண்டரைக்குள்ள பிரிவுல எறங்கிரலாம். அந்தச் சுவத்துச் சந்தை அடைக்க இன்னும் ஒரு மாசம் இருக்குது. இன்னைக்கு இந்தக் கேரியரைத் தூக்கிட்டு நான் தாண்டறேன். அவ ஊட்டுல உக்காந்து, அவ போட்ட சோத்துல கையை நனைச்சுட்டுத்தான் வருவேன்.